முடி வெட்டினவனை மன்னிக்க எனக்கு 20 வருசம் ஆச்சு

போன தை மாசம் சென்னையில இருந்து ஒரு வாசகர் குடும்பத்தோட வந்திருந்தார். நான் எழுத ஆரம்பிச்ச நாள்ல இருந்து படிக்கிறவர். பேர் வேண்டாம், நல்ல மனுசர். இதையும் படிப்பார், படிச்சிட்டுச் சிரிப்பார்னு நம்பறேன்.

கோபிச்செட்டிபாளையத்துல இருந்து வாய்க்கா மேட்டு ரோட்டுல வர்ற வரைக்கும் அவருக்கு ஒரே சந்தோசம். ரெண்டு பக்கமும் நெல்லு, வாழை, மஞ்சள். வாசல்ல வந்து இறங்கினதும் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் முன்ன எழுதின ஓட்டு வீடு இல்ல, கான்கிரீட் வீடு. திண்ணை இல்ல. அந்த இடத்துல கார் நிக்குது. "மாடெல்லாம் எங்கீங்க?"ன்னார். வித்தாச்சுங்கன்னேன். அவர் பொண்ணுக்குக் கன்னுக்குட்டி காட்டறேன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கார் பாவம்.

சரி, தோட்டமாவது பார்க்கட்டும்னு கூட்டிட்டுப் போனேன். டிராக்டர்ல ஒரு சின்ன ஸ்பீக்கர் கட்டி வச்சிருக்கேன். அதுல ஓடிட்டு இருந்தது மெட்டாலிக்கா. அவர் ஒரு நிமிசம் நின்னு கேட்டுட்டு, "இது நீங்க கேக்கறதா, இல்ல டிரைவர் பையன் போட்டதா?"ன்னார். நாந்தாங்க, 30 வருசமான்னேன். அதுக்கு மேல அவர் எதுவும் பேசலை. கிளம்பறப்ப மட்டும் மெதுவா ஒண்ணு சொன்னார். "நீங்களே இப்படி மாத்திட்டா, கிராமத்தை யாருங்க காப்பாத்துவா?"

எனக்குக் கோபம் வரலைங்க. ஏன்னா இதே கேள்வியை நான் அமெரிக்காவுல இருக்கற நாலு பேரைப் பார்த்து 20 வருசம் கேட்டுட்டே இருந்தவன். அந்தக் கதையைத்தான் இன்னைக்கு எழுதறேன். மெட்டாலிக்கா கேக்காதவங்களும் படிக்கலாம்.

1993-ல கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் சேர்ந்தேன். ஹாஸ்டல்ல என் ரூம்ல ஒரு திண்டுக்கல்காரன். அவன்கிட்ட ஒரு டிடிகே 90 கேசட். யாரோ பெங்களூர்ல இருந்து காப்பி பண்ணிக் குடுத்தது. ஒரு பக்கம் 'ரைட் த லைட்னிங்', இன்னொரு பக்கம் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'. அதுவரைக்கும் எனக்குப் பாட்டுன்னா இளையராஜா, கோயில் நோம்பிக்கு ஸ்பீக்கர்ல போடற எல்.ஆர்.ஈஸ்வரி, அவ்வளவுதான். முதல் தடவை கேட்டப்ப தலைவலிதான் வந்துச்சு. மூணாவது நாள் அவன் இல்லாதப்ப நானா எடுத்துப் போட்டேன். ஏன் பிடிச்சுதுன்னு இப்பவும் சரியாச் சொல்லத் தெரியலை. தமிழ் மீடியத்துல படிச்சிட்டு வந்து, வகுப்புல வாயைத் திறக்கவே பயந்துட்டு இருந்தவன் நான். எனக்குப் பதிலா எவனோ ஒருத்தன் கத்தறான்னு தோணுச்சு. வார்த்தை பாதி புரியாது. கோபம் முழுசாப் புரியும்.

அந்தக் கேசட்ல ஒரு சங்கடம். 90 நிமிசக் கேசட்னா பக்கத்துக்கு 45. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' கிட்டத்தட்ட 55 நிமிசம். அதனால ஏழாவதா வர்ற 'ஓரியன்' பாதியில டக்குனு நின்னுடும். பாட்டுக்காரர் குரலே இல்லாத, வாத்தியம் மட்டும் வாசிக்கிற பாட்டு அது. ஆரம்பத்துல வேகமாப் போயிட்டு, நடுவுல மெதுவாகி, பேஸ் கிடார் தனியாக் கேக்க ஆரம்பிக்கிற இடம் ஒண்ணு வரும். அங்கதான் டேப் தீரும். அந்தப் பேஸ் வாசிச்சவர் கிளிஃப் பர்ட்டன். அந்த ஆல்பம் வந்த அதே 1986-ல, செப்டம்பர் 27 விடியக்காலம், ஸ்வீடன்ல அவங்க போன பஸ் கவுந்து இறந்துட்டார். வயசு 24. அவர் இறுதிச் சடங்குல 'ஓரியன்'தான் போட்டாங்க. அவர் செத்ததும் தெரியும், பாட்டு பாதியில நிக்கறதும் தெரியும். எங்களுக்கு ரெண்டும் ஒண்ணாவே மனசுல பதிஞ்சு போச்சு. அந்த மீதிப் பாட்டைக் கேட்டுடணும்னு காந்திபுரத்துல ஒவ்வொரு கேசட் கடையா ஏறி இறங்கினோம். கிடைக்கலை.

லீவுக்கு ஊருக்கு வந்து போட்டா எங்கம்மா, "என்னடா சாமி இது, ரைஸ் மில்லுக்குள்ள படுத்திருக்கற மாதிரி இருக்குது"ன்னு சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிடும். நிறுத்துன்னு ஒரு நாளும் சொன்னதில்லை.

1996-ல 'லோட்' வந்துச்சு. நாலு பேரும் முடியை ஒட்ட வெட்டிட்டு நிக்கறாங்க. ரெண்டு பேர் கண்ணுக்கு மை வேற தீட்டிப் போட்டோவுக்கு நின்னிருக்காங்க. பாட்டு எல்லாம் மெதுவா, ப்ளூஸ் மாதிரி, ஒண்ணு ரெண்டு கன்ட்ரி பாட்டு மாதிரி. ஹாஸ்டல்ல துக்கம் விழுந்த வீடு மாதிரி ஆயிடுச்சு, நிசமாத்தான் சொல்றேன். 1991-ல வந்த பிளாக் ஆல்பத்துலயே காசுக்கு வளைஞ்சுட்டாங்கன்னு சொல்லிட்டிருந்த சீனியருங்க, "அப்பவே சொன்னமில்ல"ன்னாங்க. திண்டுக்கல்காரன் அந்தப் பழைய கேசட்டை என்கிட்டயே குடுத்துட்டான், வேண்டாம்னு. நான் 'லோட்' கேசட்டை ஒரே ஒரு தடவை, அதுவும் முதல் பக்கம் மட்டும் கேட்டேன். அப்புறம் 20 வருசம் தொடலை. வித்துட்டானுங்க, அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு.

யோசிச்சுப் பாருங்க. கோபி பக்கத்துல ஒரு கிராமத்துப் பையன். ஒரு பைசா அவங்களுக்குக் குடுத்தது கிடையாது, கேட்டது திருட்டுக் காப்பி. அவன் சொல்றான் அவங்க வித்துட்டாங்கன்னு.

படிப்பு முடிஞ்சு பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. 2000-ல நாப்ஸ்டர் விவகாரம். புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன், நாப்ஸ்டர்னா இன்டர்நெட்ல ஒருத்தர்கிட்ட இருக்கற பாட்டை இன்னொருத்தர் இலவசமா எடுத்துக்கற ஏற்பாடு. மெட்டாலிக்கா அதுமேல கேஸ் போட்டாங்க. டிரம்ஸ் வாசிக்கிற லார்ஸ் உல்ரிக், பாட்டு எடுத்த மூணு லட்சம் பேருக்கு மேல லிஸ்ட் எடுத்து நேர்லயே கொண்டு போய்க் குடுத்தார். நாங்க கொதிச்சுப் போயிட்டோம். 1982-ல இவங்களோட டெமோ கேசட்டை ரசிகர்கள் ஒருத்தருக்கொருத்தர் காப்பி பண்ணிக் குடுத்துத்தானே இவங்க பேரே வெளிய வந்துச்சு, இப்பக் கோடீஸ்வரன் ஆனதும் ரசிகனைக் காட்டிக் குடுக்கறானேன்னு. அதுல ஒரு ஞாயம் இருக்குது, இப்பவும் சொல்வேன். ரசிகனோட பேரை மூட்டை கட்டி எடுத்துட்டுப் போனது அசிங்கம்தான்.

ஆனா 'ஓரியன்' மீதியை நான் முதல் தடவை கேட்டதே நாப்ஸ்டர்ல எடுத்துத்தாங்க. ஆபீஸ்ல ராத்திரி பத்து மணிக்கு, ஹெட்போன்ல. ஏழு வருசம் காத்திருந்த நாலு நிமிசம். அழுகை வந்துடுச்சு. அடுத்த நாளே லார்ஸைத் திட்டி நண்பர்களுக்கு மெயில் அனுப்பினேன்.

அந்தாளு பக்கத்து ஞாயம் எனக்கு விளங்கினது 2012-ல, மஞ்சளால. 2010 கடைசியில ஈரோட்டுல மஞ்சள் குவிண்டால் 15,000-ஐத் தாண்டுச்சு. எல்லாரும் மஞ்சளே நட்டோம், நானும் நட்டேன். தோண்டி, வேக வச்சு, காயப்போட்டு, பாலீஷ் போட்டு எடுத்துட்டுப் போறப்ப விலை 4,000 பக்கம் நிக்குது. மண்டியில கையை விட்டு நாலு கிழங்கை எடுத்து உடைச்சுப் பார்த்து விலை சொல்லுவாங்க. "உனக்கு என்னப்பா கட்டும்?"னு ஒருத்தரும் கேக்கறதில்லை. அன்னைக்குச் சாக்கு மேல உக்காந்துட்டு இருந்தப்ப லார்ஸ் ஞாபகம் வந்துச்சு. வேற ஞாபகமே வரலையாடான்னு கேக்காதீங்க, வந்துச்சு. சண்டை ஆரம்பிச்சதே அவங்க முழுசா முடிக்காத ஒரு பாட்டு அவங்களைக் கேக்காமலே ரேடியோவுல ஓடினதாலதான். விளைய வச்சது நான், எப்ப வெளிய போகணும், என்ன விலைக்குப் போகணும்னு என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமான்னுதான் அந்தாளு கேட்டான். அவன் கோடீஸ்வரன், நான் கடன்காரன். ஆனாலும் கேள்வி ஒண்ணுதான்.

கதை முன்ன போயிடுச்சு. 2003-ல அப்பாவுக்கு முடியாம ஊருக்குத் திரும்பிட்டேன். அந்த வருசம் வந்தது 'செயின்ட் ஆங்கர்'. ஸ்னேர் டிரம்முக்கு அடியில ஒரு கம்பிச் சரம் இருக்கும், அதுதான் அந்தச் சடசட சத்தத்தைக் குடுக்கறது. லார்ஸ் அதைத் தளர்த்தி விட்டுட்டு ஆல்பம் முழுக்க வாசிச்சிருக்கார். சோளக்காட்டுல கிளி ஓட்டறதுக்குத் தகர டப்பா தட்டுவோமே, அசல் அந்தச் சத்தம். கிடார் சோலோ ஒண்ணுகூடக் கிடையாது. அது மோசமான ஆல்பம். அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன்.

அந்த ஆல்பம் எடுத்தப்ப நடந்ததை ஒரு டாக்குமென்டரியா வெளியிட்டாங்க, 'சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்'னு, 2004-ல. சி.டி. கிடைச்சுப் பார்க்கறதுக்கு எனக்கு ரெண்டு மூணு வருசம் ஆச்சு. பேஸ் வாசிச்ச ஜேசன் நியூஸ்டட் விலகிட்டார். பாடற ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு குடியை விட மறுவாழ்வு மையத்துக்குப் போயிட்டுப் பல மாசம் கழிச்சுத் திரும்பி வர்றார். இனி மத்தியானம் 12 மணியில இருந்து 4 மணி வரைக்கும்தான் வேலை செய்வேங்கறார். லார்ஸுக்குப் பத்திக்கிட்டு வருது. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கப் பிடிக்காம, மாசம் 40,000 டாலர் குடுத்து ஒரு ஆலோசகரை நடுவுல உக்கார வச்சுப் பேசறாங்க. உலகமே சிரிச்சது, பணக்காரனுங்க அழுகறானுங்கன்னு. நானும் சிரிக்கத்தான் உக்காந்தேன்.

அப்ப எங்க கூட்டுக் கிணத்துல தகராறு ஓடிட்டு இருந்துச்சு. எனக்கும் சித்தப்பா பையனுக்கும் ஆளுக்கு நாலு நாள் முறைத் தண்ணி. பேச்சு நின்னு ஒரு வருசம். பேசலைன்னாலும் மோட்டார் ஒண்ணு, சர்வீஸ் ஒண்ணு. மோட்டார் எரிஞ்சா ரெண்டு பேரும் சேர்ந்துதான் காயில் கட்டணும். அவன் பக்கத்துக் கட்டில்ல, நான் இந்தப் பக்கத்துல, நடுவுல ஊர்ப் பெரியவர் ஒருத்தர். அவருக்கு 40,000 டாலர் இல்ல, ஒரு டீயும் வடையும். அந்தப் படத்துல ஹெட்ஃபீல்டு கதவை அறைஞ்சு சாத்திட்டு வெளிய போற காட்சி வந்தப்ப எனக்குச் சிரிப்பு வரலை. இவனுங்களும் கூட்டுக் கிணத்துப் பங்காளிங்கதான்னு தோணுச்சு. 1981-ல ரெண்டு பேரும் சேர்ந்து வெட்டின கிணறு. பாகம் பிரிக்கவும் முடியாது, விட்டுட்டுப் போகவும் முடியாது.

இருந்தும் நான் முழுசா மாறிடலைங்க. 2011 அக்டோபர் 30, பெங்களூர் பேலஸ் கிரவுண்டுக்கு மெட்டாலிக்கா வந்தாங்க. ரெண்டு நாள் முன்ன குர்கான்ல நடக்க வேண்டியது ரத்தாகி, ஆத்திரத்துல கூட்டம் மேடையை உடைச்ச செய்தி டிவியில ஓடுது. வீட்டுல, "போகத்தான் வேணுமா?"ன்னாங்க. மஞ்சளுக்குத் தண்ணி கட்டற வேலையைப் பேசாத பங்காளிகிட்டயே ஒப்படைச்சுட்டு (அதுக்காகவாவது பேச வேண்டியதாப் போச்சு) சத்தியமங்கலத்துல பஸ் ஏறி, திம்பம் 27 வளைவும் தாண்டி, திண்டுக்கல்காரனைப் பெங்களூர்ல பிடிச்சேன். அவனுக்கும் முடி கொட்டிப் போயிருந்துச்சு. முடி வெட்டினதுக்கு அப்படிக் குதிச்சவன்.

மேடையில அவங்க 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆரம்பிச்சப்ப நான் கத்தின கத்துல ரெண்டு நாளைக்குக் குரல் வரலை. ஆனா 1991-க்கு அப்புறம் வந்த பாட்டு எது வந்தாலும் கையைக் கட்டிட்டு நின்னேன். பக்கத்துல 20 வயசுப் பசங்க அதுக்கும் குதிச்சானுங்க. இவனுங்களுக்கு என்ன தெரியும்னு பார்த்தேன். இப்ப நினைச்சா வெக்கமா இருக்குது.

என்னை உடைச்சது எங்கம்மா. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து விடியக்காலம் 4 மணிக்கு எந்திரிச்சு, சாணி வழிச்சு, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊத்திட்டு வந்து அப்புறம் சோறாக்கும். ஒரு நாள் லீவு கிடையாது. தன் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துலகூட ராத்திரி தங்கினதில்லை, கறவைக்கு ஆளில்லைன்னு. கடைசியில கை விரல் மடங்காது, மூட்டு மடங்காது. 2015-ல மாட்டை வித்தேன். அதை இங்க எழுதினப்ப உங்கள்ல நிறையப் பேர் எவ்வளவு வருத்தப்பட்டீங்க, ஞாபகம் இருக்குதா? மாடு இல்லாத விவசாயமா, மண்ணு செத்துடும், பாரம்பரியம் போச்சுன்னு. எல்லாம் நல்ல மனசோட எழுதினதுதான். அம்மாவோட விரல் எப்படி இருக்குதுன்னு ஒரே ஒருத்தர்தான் கேட்டிருந்தார்.

மாட்டை வித்த மறுநாள் அம்மா 6 மணி வரைக்கும் தூங்குச்சு. எந்திரிச்சு வந்து, "இத்தனை வருசத்துல இன்னைக்குத்தாண்டா சூரியன் வந்ததுக்கப்புறம் எந்திரிக்கறேன்"னுச்சு. அடுத்த வருசம் புத்துநோய்ல போயிடுச்சு.

அந்த 2016-ல ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்ச ஒரு ராத்திரிதான், போன்ல எதையோ தேடப்போய் 'லோட்' ஓடுச்சு. மாத்தறதுக்குக் கையில தெம்பில்லை, விட்டுட்டேன். அதுல 'மாமா செட்'னு ஒரு பாட்டு. மாமான்னா இங்க அம்மா. ஹெட்ஃபீல்டு தன் அம்மாவை நினைச்சு எழுதினது. அவரோட பெத்தவங்க மருந்து எடுத்துக்கக் கூடாதுங்கற மத நம்பிக்கையில இருந்தவங்க. அவருக்கு 16 வயசு இருக்கறப்ப அம்மா புத்துநோய்ல, மருந்தில்லாமலே போயிட்டாங்க. அப்பா அதுக்கு முன்னமே வீட்டை விட்டுப் போயிட்டார். 'அன்டில் இட் ஸ்லீப்ஸ்'னு இன்னொரு பாட்டும் அதே நோயைப் பத்தித்தான். ரெண்டும் 1996-ல இருந்தே அந்தக் கேசட்ல இருக்குது. முடி வெட்டிட்டான்னு நான் கேக்காமலே விட்ட கேசட்.

ஹாஸ்டல்ல எனக்குப் பதிலா கத்தினான்னு சொன்னேன் பாருங்க, அந்தக் கத்தலே எங்கிருந்து வந்துச்சுன்னு அன்னைக்குத்தான் விளங்குச்சு. அதைக் கத்தாம ஒரு தடவை சாதாரணக் குரல்ல சொல்லிப் பார்த்திருக்கான். நாங்க எல்லாரும் சேர்ந்து, அதெல்லாம் வேண்டாம், நீ பழையபடி கத்துன்னோம். எங்களுக்கு அவன் கோபம் வேணும். அந்தக் கோபத்தோட அவன் குடிச்சுச் செத்தாலும் எங்களுக்குக் கேசட் நல்லா இருந்தாப் போதும்.

இதை எழுதறதுக்குத்தான் அந்தச் சென்னைக்காரர் கதையை ஆரம்பிச்சேன். உங்களுக்கு ஓட்டு வீடு வேணும், மாடு வேணும், திண்ணையில வெத்தலை இடிக்கிற பாட்டி வேணும். எனக்குத் தெரியும், ஏன்னா அதையெல்லாம் எழுதி உங்களுக்கு ருசி காட்டினவனே நாந்தான். ஆனா ஓட்டு வீட்டுல ஐப்பசி மழைக்கு எத்தனை இடத்துல பாத்திரம் வைக்கணும், திருப்பி ஓடு வேய ஆள் எங்க கிடைக்குதுன்னு நான் எழுதலை. அது என் தப்பும்தான். எங்க வாழ்க்கையில உங்களுக்குப் பிடிச்ச ஒரு வருசம் இருக்குது. அந்த வருசத்துலயே நாங்க இருந்துடணும்னு நீங்க பிரியமாத்தான் கேக்கறீங்க. நான் மெட்டாலிக்காவை 1986-லயே இருன்னு கேட்டதும் பிரியத்துலதான்.

அதுக்காக மாறினதெல்லாம் நல்லதுன்னு நான் சொல்ல வரலை. எங்க ஏரிக்கரைப் புளியமரத்தை ரோட்டுக்காக வெட்டினது அநியாயம், அதுக்கு நான் பெட்டிசன் போட்டேன். 2008-ல வந்த 'டெத் மேக்னடிக்' பாட்டெல்லாம் அருமை, சத்தத்தை ஏத்தி ஏத்திப் பதிவையே கெடுத்து வச்சுட்டாங்க. கேட்டுட்டுப் பிடிக்கலைன்னு தாராளமாச் சொல்லுங்க. கேக்காம, முடியைப் பார்த்துச் சொல்லாதீங்க. நான் அதைத்தான் செஞ்சேன்.

2022-ல பொண்ணு காலேஜ்ல இருந்து போன் பண்ணுச்சு. "அப்பா, டிராக்டர்ல போடுவீங்களே ஒரு பாட்டு, அது 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்'ல வந்திருக்குப்பா!" அந்த நாடகத்தால 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' கேக்க வந்த சின்னப் பசங்களைப் பழைய ரசிகனுங்க சில பேர் நக்கலடிச்சாங்க. மெட்டாலிக்காக்காரங்களே, எல்லாரும் வாங்க, நேத்து வந்தாலும் 40 வருசம் முன்ன வந்தாலும் எங்களுக்கு ஒண்ணுதாங்கற மாதிரி பதில் சொன்னாங்க. ஹெட்ஃபீல்டு இடையில தேனீ வளர்க்கவும் ஆரம்பிச்சுட்டார், தெரியுமா? எங்க தோட்டத்துலயும் ரெண்டு பொட்டி இருக்குது. அந்தாளு கொட்டு வாங்கிட்டு நிக்கறதை நினைச்சா எனக்கு ஒரு சந்தோசம்.

2023-ல வந்த '72 சீசன்ஸ்' ஆல்பத்தோட கடைசிப் பாட்டு 11 நிமிசம். இவங்க போட்டதுலயே நீளமானது. ராத்திரி மும்முனைக் கரண்ட் வர்றப்ப மடை மாத்தப் போவேன், போன் சட்டைப் பையில பாடும். அந்தப் பாட்டு முடியறதுக்கும் ஒரு வாழைப் பாத்தி நிறையறதுக்கும் சரியா இருக்குது.

சென்னைக்காரர் போன வாரம் மெசேஜ் அனுப்பியிருந்தார். டிராக்டர்ல ஓடின பாட்டு என்னன்னு கேட்டு வாங்கிட்டுப் போனவர், பொண்ணும் அவரும் கார்ல கேட்டாங்களாம். "பாட்டு பரவாயில்லீங்க. வீடும் நீங்க சொன்னா சரி. ஆனா திண்ணையை இடிச்சிருக்க வேண்டாம்"னு எழுதியிருக்கார். திண்ணை விசயத்துல அவர் பக்கம்தான் ஞாயம்னு எங்க வீட்டம்மாவும் சொல்றாங்க. காரை வேப்பமரத்தடியிலயே நிறுத்திக்கலாம். மழை நிக்கட்டும், கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேக்கணும்.